செல்லாண்டியம்மனும் அழுந்தாத பட்டனும்

பொங்கலூர்,
ஆடி 22, வெள்ளிக்கிழமை.

பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் குளிர்காற்றில் வீற்றிருக்கும் மைத்துனர் அருள்குமார் அவர்களுக்கு, உங்கள் அக்கா கலாமணியைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாகத் தைரியமாகக் குடித்தனம் செய்துவரும் அயர்ன் மாஸ்டர் திருமூர்த்தி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் அக்கா, ஷெட்டில் இருக்கும் ஐந்து தையல் மிசின், நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் எல்லோரும் சுகம். கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் வெப்சைட்டுக்குத்தான் சுகமில்லை. அவ்விடம் உங்கள் சுகத்தையும், தலையில் மீதமிருக்கும் முடியின் சுகத்தையும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் அடித்தால் மீட்டிங் என்கிறீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. பட்டன் வேலை செய்யவில்லை என்று எழுதியதற்கும் கட்டைவிரல், உங்கள் அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியதற்கும் அதே கட்டைவிரல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். ஆனாலும் காகிதத்தில் எழுதி அனுப்பினால் அதன்மேல் கட்டைவிரல் வைக்கக்கூட நீங்கள் மை தேடவேண்டி வரும், அந்த நேரத்தில் படித்துவிடுவீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மீட்டிங்கில் மறந்திருக்கும் என்பதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்த உங்கள் அக்கா, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் கம்பெனி வேனில் ஏறாமல் நின்றுவிட்டாள். நாலு பொம்பளைகளைச் சேர்த்துக்கொண்டு நம் ஊட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் மிசின் போட்டு, பிறந்த குழந்தைக்கு ஜப்லா, குல்லாய், கையுறை தைக்க ஆரம்பித்தாள். குழந்தை தோலில் தையல் உறுத்தக் கூடாது என்று ஜப்லாவில் தையல் முழுவதையும் வெளிப்பக்கம் வைத்தாள். அந்தப் பொங்கலுக்கு நீங்கள் சீர் கொண்டுவந்தீர்கள். மற்ற வீட்டுத் தம்பிமார் புடவையும் கரும்பும் கொண்டுவந்தார்கள், நீங்கள் ஒரு துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டு எழுதிக் கொண்டுவந்தீர்கள். வெப்சைட்டைச் சீராகப் பெற்ற பொம்பளை இந்த வட்டாரத்திலேயே உங்கள் அக்கா ஒருத்திதான். அந்தச் சீட்டைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து வாங்கி, இன்றுவரை நகைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். வெப்சைட்டில் முதலில் போன் நம்பரும் இருந்தது. கண்ட கண்ட ஆண்பிள்ளைகள் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா, என்ன குழம்பு என்று விசாரிக்க ஆரம்பித்ததும் அவளே அதை எடுக்கச் சொல்லிவிட்டாள். ஆகவே நம்மிடம் துணி வேண்டும் என்கிறவர்கள் 'மாதிரி வேண்டும்' என்ற அந்த ஒரு பட்டனை அமுக்கித்தான் உள்ளே வந்தாக வேண்டும். கீழே விலாசம் போட்டிருக்கிறது, அதைப் பார்த்து வண்டி ஏறி வருகிறவர் யார்? வேறு கதவு கிடையாது.

நாலு மாதமாக ஷெட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி வேலை இல்லை. பக்கத்துக் கம்பெனிகள் கொடுக்கிற சில்லறைத் தையல்தான். இந்த மாதமும் சொந்த ஆர்டர் வராவிட்டால் மிசினைக் கொடுத்துவிட்டுப் பழையபடி வேன் ஏறிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். காலை ஏழு பத்துக்கு அந்த வேன் வரும்போது, டிரைவர் பழக்கதோஷத்தில் இன்னமும் நம் வாசலில் வேகத்தைக் குறைக்கிறார். இவள் வேண்டுமென்றே அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் போய் நிற்கிறாள்.

இப்படி இருக்கையில் ஒரு வாரத்துக்கு முன்னால் வேல்விழி போன் செய்தாள். நம் ஷெட்டில் ஆறு மாதம் தைத்துவிட்டுக் கல்யாணமாகி எர்ணாகுளம் போன சிவகாசிப் பக்கத்துப் பெண். அங்கே கைக்குழந்தைத் துணிக்கடை ஒன்றில் வேலை. அந்த முதலாளியம்மாவுக்கு அதுபோல ஏழு கடை இருக்கிறதாம்.

"அக்கா, எங்க மேடம் நம்ம சைட்டப் பாத்தாங்கக்கா. ஜப்லா ரொம்பப் புடிச்சுப்போச்சு. மாதிரி கேக்கலாம்னு பட்டன அமுக்குனா அமுங்கவே மாட்டேங்குது. அஞ்சு தடவ அமுக்கிட்டாங்க."

"நீயே சொல்லீரு கண்ணு. நான் நாளைக்கே மாதிரி அனுப்பியுட்டர்றேன்."

"அய்யோ, அது ஆகாதுக்கா. அவுங்களாக் கேட்டு எழுத்துல வந்தாத்தான் எடுப்பாங்க. தெரிஞ்சவங்க சிபாரிசுன்னாலே ஆகாது. நான் உங்ககிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா எனக்குத்தான் ஏச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல யாருன்னு முடிவு பண்ணிருவாங்க. பெருமாநல்லூர்ல ஒரு யூனிட்டோடயும் பேசிக்கிட்டு இருக்காங்க."

போனை வைத்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தோம். அதில் இரண்டு பிரவுசர் இருக்கிறது. பெயர்கள் என் வாயில் நுழையாததால் ஒன்றுக்குப் பெரியவன், இன்னொன்றுக்குச் சின்னவன் என்று வைத்துக்கொண்டேன். பெரியவனில் பட்டனை அமுக்கினால் நன்றி சொல்லி, பெயர் ஊர் கேட்டுச் சொந்தக்காரன் மாதிரி நடந்துகொள்கிறான். சின்னவனில் அமுக்கினால் சுவரை அமுக்குவது மாதிரி இருக்கிறது. எர்ணாகுளத்து அம்மா வைத்திருப்பது சின்னவன்தான் என்று வேல்விழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

மிசின் மக்கர் செய்தால் கம்பெனியில் என்ன செய்வோமோ அதையெல்லாம் வரிசையாகச் செய்தோம். முதலில் ஆள் மாற்றிப் பார்ப்பது. நாலு பேரும் வந்து அமுக்கினார்கள். ஓவர்லாக் தைக்கும் தெய்வாத்தாள், "நவுருங்க அக்கட்டால, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்து அமுக்கியதில் மவுஸுக்குள் என்னமோ முறிகிற சத்தம் கேட்டது, பட்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது பிசிறு எடுப்பது. துணியில் நூல் பிசிறு ஊதுகிற ஏர் கன்னைப் பிடித்து விசைப்பலகையை ஒரு ஊது ஊதினேன். இரண்டு எழுத்துக் கட்டைகள் எழுந்து கட்டிங் டேபிளுக்கு அடியில் போய்விட்டன. ஒன்று கிடைத்தது. அப்புறம், செக்கிங்கில் துணியில் ஓட்டை கண்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அதில் ஒன்றை எடுத்து உங்கள் அக்கா திரையில் பட்டனைக் காட்டி ஒட்டினாள். அடுத்து வருகிற ஆள் பழுதைத் தேடக்கூடாது என்பது செக்கிங் சட்டம். பக்கத்தை மேலே தள்ளியதும் பட்டன் போய்விட்டது, அம்பு நல்ல குல்லாய் ஒன்றைக் குறை சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றது.

அப்புறம்தான் உங்களுக்குப் போன் போட்டேன், இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் கிடைத்தீர்கள். "என் சிஸ்டத்துல வேலை செய்யுதுங்களே மாமா" என்றீர்கள். நீங்கள் படித்த படிப்புக்குப் புதிதாக ஏதாவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். கோணலாகத் தைத்த ஜப்லாவை அயர்ன் டேபிளிலிருந்து நான் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம், "என்ற மிசின்ல இருந்து போறப்ப நேராத்தானுங்க இருந்துச்சு" என்று தைத்தவர்கள் சொல்வார்கள். அதே வார்த்தைதான், சம்பளம்தான் வேறு. பிறகு, ஹிஸ்டரி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாருங்கள் என்றீர்கள். அழித்தோம். கரண்ட் பில், கேஸ் சிலிண்டர், இன்னும் என்னென்னவோ பாஸ்வேர்டு எல்லாம் ஒரே அமுக்கில் போனது. பட்டன் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. கடைசியாக ஒரு யோசனை சொன்னீர்கள், அந்தம்மாவையே வேறு பிரவுசருக்கு மாறச் சொல்லுங்கள் என்று. அதை உங்கள் அக்காவிடம் சொன்னேன்.

"ஊட்டுக்கு வர்றவங்ககிட்ட, எங்க வாசல்ல கதவு தொறக்காது, நீங்க வேற ஊர்ல போய்ப் பொறந்துட்டு வாங்கன்னு சொல்றதுங்களா?" என்றாள். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதவும்.

அன்றைக்குச் சாயந்திரம் ஐந்து மிசினையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, உறை போட்டு மூடி வைத்தாள். தைக்கிறவர்கள் அப்படித் துடைக்க மாட்டார்கள், விற்கிறவர்கள்தான் துடைப்பார்கள். மறுநாள் நான் மெக்கானிக் ஜெயபாண்டியைக் கூப்பிட்டேன். அருப்புக்கோட்டைக்காரர், பன்னிரண்டு வருடமாக இங்கே தையல் மிசின் ரிப்பேர் பார்க்கிறார்.

"என்னண்ணே, மிசினெல்லாம் நல்லாத்தான இருக்கு. எதுக்குக் கூப்ட்டீக?"

"கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் அமுங்கலீங்க."

"நான் ஊசி மாத்துறவண்ணே."

"ஊசியே இல்லாத மிசினுங்க. உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்."

தலையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்தார். பெரியவனில் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார், சின்னவனில் ஒருமுறை. "துணியும் சரிதான், நூலும் சரிதான். இந்த மிசின்ல போட்டாத்தான் என்னமோ தட்டுது" என்றார். அதற்குப் பிறகு அவர் அமுக்கவே இல்லை. ஊசித் தட்டில் சொரசொரப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாரே, அந்த மாதிரி மவுஸை மெதுவாகப் பட்டன்மேல் ஓட்டினார். பெரியவனில் பட்டனைத் தொட்டதும் அம்புக்குறி கையாக மாறியது. சின்னவனில் அம்பு அம்பாகவே இருந்தது, வலப்பக்க ஓரத்தில் ஒரு நூல் அளவு இடத்தில் மட்டும் கை வந்தது. அந்த ஓரத்தில் அமுக்கினார். நன்றி என்று வந்தது. ஷெட்டில் எல்லோரும் வாயைத் திறந்தபடி நின்றோம். பிறகு பட்டனின் நட்டநடுவில் வைத்து மவுஸின் வலது காதை அமுக்கினார்.

"இத பாருங்கண்ணே. படத்தைச் சேமிக்கவான்னு கேக்குது. பட்டன்ல ஏது படம்? இதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு படம் கெடக்கு. தட்டு மேல பாலிதீன் கவரு ஒட்டிக்கிட்டிருந்தா ஊசி எறங்குமா?"

சேமித்துத் திறந்தார். உள்ளங்கை அளவுக்கு உங்கள் வீட்டுக் குலதெய்வம் செல்லாண்டியம்மன். அம்மன் காலுக்குக் கீழே ஒரு முழத்துக்கு ஒன்றுமே இல்லாத வெறும் இடம்.

இப்போது உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். வெப்சைட் போட்ட அன்றைக்கு அம்மன் படத்துக்குக் கீழே நேராகப் பட்டனை வைத்தீர்கள். "அம்மன் காலுக்கடில எழுத்து இருந்தா மிதிக்கற மாதிரி இருக்குது கண்ணு, கொஞ்சம் எடம் உடு" என்று உங்கள் அக்கா சொன்னாள். நீங்கள் பட்டனைத் தள்ளி வைத்திருக்கலாம். அதற்குப் பதிலாகப் படத்தோடேயே வெறும் இடத்தை ஒட்டுப்போட்டுத் தைத்துவிட்டு, பொங்கல் விருந்துக்குக் கை கழுவப் போய்விட்டீர்கள். பெரியவன் அந்த வெறும் இடத்தை அளவாகச் சுருக்கிக்கொண்டான். சின்னவன் சொன்ன பேச்சு மாறாதவன், முழு நீளத்துக்கும் விரித்துவிட்டான். அது பட்டன்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. வெறும் இடம் என்பதால் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத்தான் சிக்குவதில்லை.

"அப்படீன்னா அந்தம்மா அஞ்சு தடவையும் அம்மன் காலுக்குக் கீழதான் குத்திக்கிட்டு இருந்திருக்குது" என்று உங்கள் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"குத்துனதா எதுக்கு நெனைக்கிறீக. தொட்டுக் கும்பிட்டதா வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஜெயபாண்டி டீ கேட்டார்.

உடனே உங்களுக்குத் தகவல் சொன்னேன். அம்மனைக் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்று நீங்கள் பதில் போட்டீர்கள். வாயால் சொல்லியிருந்தால் நான் நாசூக்காக மாற்றிச் சொல்லியிருப்பேன், எழுத்தில் போட்டதால் உங்கள் அக்காவே படித்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கும் இல்லை. அம்மனைக் கேட்காமல் ஒரு விரக்கடை கூடக் குறைக்கக் கூடாது என்று சொல்லி, இன்று ஆடி வெள்ளியாக இருப்பதால் காலையிலேயே கோயிலுக்குப் பூ கேட்கக் கூட்டிப்போனாள். பெங்களூர்க்காரர் மறந்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை ஒரு இலையிலும் மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

பூசாரி நஞ்சப்பன் கேட்டார்: "எதுக்குங்கம்மணி பூ கேக்கறீங்க? கெணத்துக்குங்களா, கல்யாணத்துக்குங்களா?"

"வெப்சைட் பட்டனுக்குங்க சாமி."

அவர் என்னைப் பார்த்தார். நான் கோயில் மணியைப் பார்த்தேன்.

"பட்டனுக்கு இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்லீங்க. அம்மன்கிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"காலுக்கடியில இருக்கற எடத்த ரெண்டு வெரக்கடை கொறச்சுக்கலாமான்னு கேளுங்க. பொழப்பு அதுலதானுங்க நிக்குது."

அப்படியே கேட்டார், எனக்குக் கேட்கும்படி. மொட்டையடிக்க வந்த ஒரு பெண் குழந்தை எடுத்துக் கொடுத்தது. சிவப்பு. இன்னொரு தடவை கேட்டோம். சிவப்பு. மூன்றாவது தடவையும் கேட்டுப் பார்க்கலாமே என்று நான் சொன்னதற்கு, "அம்மன் ரெண்டு தடவ சொல்லியாச்சுங்க மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் அமுங்க மாட்டீங்குது" என்றார் பூசாரி. கோயிலில் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். உங்கள் அக்கா சிரிக்கவில்லை.

ஆக அம்மன் இடம் கொடுப்பதாக இல்லை. பட்டன்தான் நகர வேண்டும். எங்கே நகர வேண்டும் என்பதிலும் கட்டளைகள் உண்டு. அம்மனுக்கு மேலே வைக்கக் கூடாது. கீழே இனி கூடவே கூடாது. பின்பக்கம் வெப்சைட்டில் இல்லை. கோயிலில் உண்டியல் அம்மனுக்கு வலப்பக்கம் இருப்பதால், வேண்டும் என்று கேட்கிற பட்டனும் வலப்பக்கமே இருக்கட்டும் என்று முடிவானது. அம்மனுக்கு வலமா, பார்க்கிற நமக்கு வலமா என்று பஸ்ஸில் வரும்போது வாக்குவாதம் நடந்தது. கண்டக்டர் உட்பட எல்லோரும் அம்மனுக்கு வலம்தான் என்று சொல்லிவிட்டதால், உங்கள் திரையில் அது இடப்பக்கம் என்று அறியவும்.

எர்ணாகுளத்து அம்மா முடிவு செய்ய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. போனில் சொன்னால் ஏதாவது ஒன்றை வெட்டிவிடுவீர்கள் என்று உங்கள் அக்காவுக்குப் பயம். ஆகவே புதன்கிழமைக்குள் லீவு போட்டு நேரில் வந்து, அவள் கண் முன்னால் பட்டனை நகர்த்திக் கொடுத்துவிட்டுப் போகவும். இதுவரை நான் கேலியாக எழுதியதையெல்லாம் விட்டுவிட்டாலும் இந்த ஒரு வரியை விடவேண்டாம். அவள் வேனில் ஏறுவதும் ஏறாததும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

தங்கள் வேலை மேன்மேலும் உயரவும், மீட்டிங்குகள் குறையவும், கூடிய சீக்கிரம் உங்களுக்கும் ஒரு பெண் அமைந்து என்னைப்போலவே சந்தோஷமாக இருக்கவும் செல்லாண்டியம்மன் அருள்புரிய வேண்டுகிறேன். உங்கள் அக்காவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். என்ன வார்த்தையில் சொன்னாள் என்பதை எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நலத்தை விரும்பும் மாமன்,
ச. திருமூர்த்தி.

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. கவர் வாங்க மறந்ததால் கடிதம் அலமாரியிலேயே இருந்துவிட்டது, அதுவும் நல்லதாகப் போயிற்று. நேற்று மத்தியானம் வாசலில் கேரளா நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. வெள்ளைப் புடவையில் இறங்கிய அம்மா, "கலாமணி ஆரு?" என்று கேட்டார். வெப்சைட்டில் இருந்த விலாசத்தைப் பிடித்து வந்துவிட்டார்.

"நானுங்க."

"உங்க சைட்ல அந்த பட்டன் அஞ்சு தடவ அமர்த்தி. ஒண்ணும் நடக்கல."

உங்கள் அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, பழியை உங்கள் மேல் போட நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தம்மா மேலே சொன்னார்.

"மத்த யூனிட்டுல ஒரு தடவ அமர்த்தினா போதும், பின்ன தினம் பத்து போன். எடுத்துக்கோ, எடுத்துக்கோன்னு தொல்லை. நிங்கள் மாத்திரம் திரும்பிக்கூடப் பாக்கல. ஆர்டர் வேண்டாம்னு பட்டனப் பூட்டி வைக்கிற அளவுக்குத் திரக்கா, அத்தன வேலையா? அத பாக்கத்தான் நேர்ல வந்தது."

உங்கள் அக்கா இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவரிடமும் சொல்லவில்லை. "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தம்மா தண்ணீரைக் குடிக்காமல் நேராகப் போய் ஒரு ஜப்லாவை எடுத்து, உள்ளே வெளியே திருப்பிப் பார்த்து, தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு உட்கார்ந்து, நம் கட்டிங் சீட்டின் பின்பக்கத்திலேயே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏழு கடைக்கும், தை மாதம் வரைக்கும். மாதிரி கேட்கவே இல்லை. பார்த்துவிட்டாராம். தெய்வாத்தாள் இப்போது தன் நாத்தனாரையும் வேலைக்குக் கூட்டிவருகிறாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யவேண்டாம். லீவு போட வேண்டாம், பட்டனை நகர்த்த வேண்டாம், சின்னவனில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். பெரியவனில்தான் இன்னும் அமுக்கியதும் வேலை செய்கிறது. அதைப் பார்த்தால் நாம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதாக ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள், அதையும் சீக்கிரம் கெடுத்துக் கொடுக்கும்படி உங்கள் அக்கா கேட்டுக்கொள்கிறாள்.